ஸ்கேன் புற்றுநோய் என்று சந்தேகிக்கிறது, பயாப்சி இல்லை என்கிறது: மார்பை எடுத்துவிடலாமா?

மேற்கு மாவட்டம் ஒன்றிலிருந்து 34 வயது வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டுக் கடிதத்தைச் சுருக்கமாகத் தருகிறேன்.

இரண்டு குழந்தைகள். சின்னவனுக்கு மூன்று வயது. ஒன்றரை வயதுவரை தாய்ப்பால் குடித்தவன். ஐந்து மாதம் முன்பு வாசகியின் இடது மார்பில் வலியோடு ஒரு கட்டி வந்தது. பால் கட்டிக்கொண்டிருக்கும் என்று உள்ளூரில் இரண்டு தடவை ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள். கட்டி கரையவில்லை, கல்போல இறுகியது, காம்பு ஒரு பக்கமாக உள்ளே இழுத்தது, அக்குளில் நெறி கட்டியது. மேமோகிராமும் அல்ட்ராசவுண்டும் எடுத்ததில் 'பை-ராட்ஸ் 4சி, புற்றுநோய்க்கு வலுவான சந்தேகம்' என்று ரிப்போர்ட் வந்தது (பை-ராட்ஸ் என்பது படத்தில் தெரியும் சந்தேகத்தின் அளவைக் குறிக்கும் எண்). அடுத்த வாரம் ட்ரூ-கட் ஊசியால் திசுத் துண்டுகளை எடுத்துப் பயாப்சி. அதில் 'கிரானுலோமட்டஸ் மாஸ்டைட்டிஸ், புற்றுநோய்ச் செல்கள் இல்லை, காசநோய்க் கிருமிக்கான சாயப் பரிசோதனை நெகட்டிவ்' என்று முடிவு.

அதற்குப் பிறகுதான் குழப்பம். முதலில் பார்த்த சர்ஜன், "எதற்கும் திறந்து பார்த்துவிடலாம், சந்தேகமாக இருந்தால் மார்பையே எடுத்துவிடலாம்" என்கிறார். இரண்டாவது மருத்துவர் காசநோய் மாத்திரையை ஆறு மாதத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். மூன்றாமவர் ஸ்டீராய்டு போதும் என்கிறார். கணவரின் சித்தி மார்பகப் புற்றுநோயில் இறந்தவர். அதனால் வீட்டில் எல்லோரும் ஆபரேஷன் பக்கம். "ஊசி குத்தியதில் கிளறிவிட்டதோ? பயாப்சி தப்பாக இருந்தால்? எடுத்துவிட்டால் நிம்மதியாக இருப்பேன் என்றுகூடத் தோன்றுகிறது, டாக்டர். திடீரென்று பாலை நிறுத்தியதால்தான் இது வந்தது என்று அத்தை சொல்கிறார், உண்மையா?" என்று கேட்கிறார். பயாப்சி செய்த இடத்துக்குப் பக்கத்தில் தோல் சிவந்து மெத்தென்று ஆகியிருப்பதாகவும், அழுத்தினால் இரண்டு பக்கமும் இன்னும் பால் மாதிரி கசிவதாகவும், வயிற்று உப்பசத்துக்கு ஒரு வருடமாக மாத்திரை சாப்பிடுவதாகவும் கடைசியில் எழுதியிருக்கிறார்.

அன்புச் சகோதரி,

நீங்கள் அனுப்பிய ரிப்போர்ட்டுகளை முழுவதும் படித்தேன். நேரில் பரிசோதிக்காமல் எழுதுகிறேன். ஆகவே நான் சொல்வதை உங்கள் மருத்துவரிடம் வைத்துப் பேசுங்கள். ஆனால் ஒன்றை இப்போதே உறுதியாகச் சொல்ல முடியும். இன்று கையில் இருக்கும் ஆதாரங்களை வைத்து உங்கள் மார்பை எடுப்பதற்கு எந்தக் காரணமும் தெரியவில்லை. மூன்று மருத்துவர்கள் சொன்னதற்குப் பின்னாலும் ஒரு நியாயம் இருக்கிறது. எதை முதலில் செய்வது, எதை அப்புறம் செய்வது என்பதில்தான் சிக்கல். இரண்டு சின்ன வேலைகள் பாக்கி இருக்கின்றன. அவை முடியும்வரை திரும்பப் பெற முடியாத எதையும் செய்ய வேண்டாம்.

ஸ்கேன் ஏன் அப்படிச் சொன்னது

ரேடியாலஜிஸ்ட் தவறாக எழுதவில்லை. கட்டியின் ஓரம் ஒழுங்காக இருக்கிறதா, சுற்றியுள்ள திசுவை இழுக்கிறதா, ரத்த ஓட்டம் எப்படி, அக்குள் நெறிகள் பருத்திருக்கின்றனவா என்றெல்லாம் பார்த்துத்தான் அவர் எண் போடுகிறார். புற்றுநோய் பக்கத்துத் திசுவுக்குள் ஊடுருவிப் பரவும், அதனால் ஓரம் கரடுமுரடாகத் தெரியும். உங்களுக்கு வந்திருப்பதாகப் பயாப்சி சொல்லும் கிரானுலோமட்டஸ் மாஸ்டைட்டிஸ் ஒரு வகை நாட்பட்ட அழற்சி. அதுவும் பால் சுரப்பிகளின் வழியாக ஊர்ந்து பரவுகிறது. ஆறும்போது நார்த்திசு உண்டாகிக் காம்பை உள்ளே இழுக்கிறது, அழற்சி இருக்கும் பக்கத்து அக்குளில் நெறி கட்டுகிறது. ஆக, புற்றுநோய்க்கென்று நாம் தேடும் அத்தனை அடையாளங்களும் புற்றுநோய் இல்லாமலே வந்து நிற்கும். 1972-இல் கெஸ்லர், வோலோக் என்ற இருவர் இந்த நோயை முதலில் விவரித்தபோதே, இது புற்றுநோயைப் போலவே தோற்றம் காட்டுகிறது என்பதுதான் அவர்களின் முக்கியச் செய்தி.

4சி என்றால் என்ன என்று கேட்டிருந்தீர்கள். படத்தில் இப்படித் தெரிகிற 100 பெண்களில் 50-க்கு மேல், ஏறத்தாழ 95 பேர்வரை புற்றுநோய் இருக்கலாம் என்பது அந்தப் பிரிவின் பொருள். மீதிப் பேருக்கு இல்லை. யார் எந்தப் பக்கம் என்பதைப் படம் சொல்லாது, 'கட்டாயம் பயாப்சி செய்யுங்கள்' என்று மட்டும் சொல்லும். உங்களுக்கு அது செய்தாகிவிட்டது. இனிமேலும் அந்த 4சி-யை எடுத்து வைத்துக்கொண்டு இரவெல்லாம் பார்த்துக்கொண்டிருப்பதில் பயன் இல்லை.

இன்னொன்று. உங்கள் அல்ட்ராசவுண்ட் ரிப்போர்ட்டின் நடுவில், கட்டியிலிருந்து விரல்போல நீண்ட கிளைகள் போவதாக ஒரு வரி இருக்கிறது. கடைசி வரியை மட்டும் படிப்பவர்கள் அதைத் தவறவிட்டுவிடுவார்கள். கிரானுலோமட்டஸ் மாஸ்டைட்டிஸில் அடிக்கடி பார்க்கிற தோற்றம் அது. முப்பதுகளில் வயது, கடைசிப் பிரசவமாகி ஐந்து வருடத்துக்குள், வலி, தோல் சிவப்பு எல்லாமே அந்தப் பக்கம்தான் சாய்கின்றன.

படத்தில் புற்றுநோய்போலத் தெரிகிற நோய் மார்பில் இது ஒன்று மட்டும் இல்லை. அடிபட்ட இடத்திலோ ஆபரேஷன் செய்த இடத்திலோ கொழுப்பு அழிந்து இறுகிப்போகும். நெடுநாள் இன்சுலின் போடும் சர்க்கரை நோயாளிகளுக்குக் கல்போன்ற கட்டி வரும். நட்சத்திரம்போல விரியும் சாதாரணத் தழும்புத் திசுவும் மேமோகிராமில் மிரட்டும். எல்லாவற்றுக்கும் விடை திசுப் பரிசோதனைதான்.

பயாப்சி தவறியிருக்குமா?

இது நியாயமான கேள்வி. ஊசி கட்டியின் ஓரத்தை மட்டும் எடுத்திருந்தால் உள்ளே இருப்பது தெரியாமல் போகலாம். அதனால்தான் படத்தில் வலுவான சந்தேகமும் பயாப்சியில் சாதாரண முடிவும் வந்தால், படத்தைப் படித்த ரேடியாலஜிஸ்டும் திசுவைப் பரிசோதித்த பெத்தாலஜிஸ்டும் பேசி 'இரண்டும் ஒத்துப்போகிறதா' என்று முடிவு செய்ய வேண்டும். ஒத்துப்போகவில்லை என்றால் பயாப்சியைத் திரும்பச் செய்வோம். உங்கள் ரிப்போர்ட்டுகளில் யாரும் அந்த ஒப்பீட்டைச் செய்ததாகத் தெரியவில்லை. பாக்கி என்று சொன்ன வேலைகளில் முதலாவது இதுதான்.

ஆனால் உங்கள் முடிவில் ஒரு பலம் இருக்கிறது. 'புற்றுநோய் இல்லை' என்று மட்டும் எழுதியிருந்தால் எனக்கும் சந்தேகம் வந்திருக்கும். இது அப்படி இல்லை. ஐந்து துண்டுகள் எடுத்திருக்கிறார்கள். ஐந்திலும் சுரப்பிகளை மையமாக வைத்துக் கிரானுலோமாக்கள் (அழற்சிச் செல்கள் கூடி உண்டாகும் சிறு முடிச்சுகள்) இருப்பதாகப் பெயரிட்டே சொல்லியிருக்கிறார்கள். கட்டியின் தோற்றத்தையும் வலியையும் அந்தப் பெயர் முழுதாக விளக்குகிறது. அப்படியும் மனம் ஆறவில்லை என்றால், ஆய்வகத்திலிருந்து உங்கள் ஸ்லைடுகளையும் திசுவைப் பதித்து வைத்த மெழுகு பிளாக்கையும் வாங்கி ஒரு பெரிய புற்றுநோய் மையத்தின் பெத்தாலஜிஸ்டிடம் காட்டுங்கள். மறுபடி ஊசி குத்தாமலே கிடைக்கிற இரண்டாவது கருத்து அது. மருத்துவப் பதிவுகளை நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று மருத்துவ கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு விதிமுறைகள் சொல்கின்றன. எழுத்தில் கேளுங்கள். அதற்காக மருத்துவர் கோபித்துக்கொள்வாரோ என்று தயங்க வேண்டாம்.

ஊசி குத்தியதால் கிளறிவிட்டது, பரவிவிட்டது என்பதைப் பற்றி. புற்றுநோயே இருந்தாலும் பயாப்சி ஊசியால் பரவும் என்று பயந்து பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது. உலகம் முழுக்க மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சை இந்த ஊசியில்தான் தொடங்குகிறது. தோல் சிவந்து மெத்தென்று ஆனது பெரும்பாலும் உள்ளே சீழ் கோப்பதன் அறிகுறி. இந்த நோயின் போக்கிலேயே அது வரக்கூடியது. ஆனால் அதை இந்த வாரமே காட்டுங்கள், தள்ளிப்போடாதீர்கள்.

காசநோய் கேள்வியை முடிக்காமல் நகரக் கூடாது

இரண்டாவது வேலை இது. நம் நாட்டில் கிரானுலோமா என்று வந்தாலே காசநோயை நினைக்க வேண்டும். மார்பிலும் காசநோய் வரும். ஆங்கிலேய சர்ஜன் ஆஸ்ட்லி கூப்பர் 1829-லேயே அதைப் பற்றி எழுதியிருக்கிறார். மைக்ராஸ்கோப்பில் மார்புக் காசநோயும் கிரானுலோமட்டஸ் மாஸ்டைட்டிஸும் ஏறக்குறைய ஒன்றுபோல இருக்கும். சாயப் பரிசோதனை நெகட்டிவ் என்பது போதாது, ஏனென்றால் மார்புக் காசநோயில் கிருமிகளின் எண்ணிக்கை மிகக் குறைவாக இருக்கும், சாயத்தில் சிக்காது.

உங்களுக்கு எடுத்த துண்டுகள் எல்லாவற்றையும் திசு கெடாமல் வைக்கும் பார்மலின் ரசாயனத்தில் போட்டுவிட்டார்கள் என்று தெரிகிறது. பார்மலினில் போட்ட திசுவில் கிருமி வளராது, ஆகவே கல்சர் (கிருமியை ஆய்வகத்தில் வளர்த்துப் பார்ப்பது) செய்ய வழி இல்லாமல் போனது. இது அடிக்கடி நடக்கிறது. கிரானுலோமா வரலாம் என்று தோன்றும் எந்தப் பயாப்சியிலும் ஒரு துண்டைச் சலைனில் (உப்புநீரில்) தனியே எடுத்து வைக்கச் சொல்ல வேண்டும். இதைப் படிக்கிற மற்றவர்களும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

உங்களுக்கு இப்போது சீழ் கோத்திருப்பது ஒரு வகையில் வாய்ப்பு. அல்ட்ராசவுண்டில் பார்த்தபடியே ஊசியால் சீழை உறிஞ்சி எடுத்தால் வலியும் குறையும், பரிசோதனைக்கு மாதிரியும் கிடைக்கும். கத்தியால் பெரிதாகக் கீறி விடுவதை முடிந்தவரை தவிர்க்கச் சொல்லுங்கள். இந்த நோயில் கீறிய காயம் மாதக்கணக்கில் ஆறாமல் ஒழுகும். எடுத்த சீழை மூன்றுக்கு அனுப்பச் சொல்லுங்கள். ஒன்று, சி.பி.நாட் என்கிற ஜீன் எக்ஸ்பர்ட் பரிசோதனை. கருவியில் வைத்தால் இரண்டு மணி நேரத்தில் முடிவு வரும், அரசு காசநோய்த் திட்டத்தில் இலவசம். இரண்டு, காசநோய்க் கல்சர். இதற்கு ஆறு வாரம்வரை ஆகலாம். மூன்று, சாதாரண பாக்டீரியாக் கல்சர். இதில் கோரினிபாக்டீரியம் வகைக் கிருமியைத் தேடும்படி குறிப்பு எழுதச் சொல்லுங்கள். இந்த நோயோடு தொடர்புடைய அந்தக் கிருமி மெதுவாக வளர்வது. சொல்லாவிட்டால் ஆய்வகம் இரண்டு நாளில் கல்சர் தட்டைத் தூக்கிப் போட்டுவிடும். கூடவே ஒரு மார்பு எக்ஸ்-ரேயும் எடுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் முன்னால் இருக்கும் வழிகள்

காசநோய் மாத்திரை: காசநோய் உறுதியானால் ஆறு மாதமும் ஒருநாள் தவறாமல் சாப்பிட வேண்டும், நல்ல குணம் கிடைக்கும். உறுதியாகாமல் 'சாப்பிட்டுத்தான் பார்ப்போமே' என்று தொடங்குவதில் சங்கடம் உண்டு. ஈரல் பாதிக்கப்படலாம். கருத்தடை மாத்திரை சாப்பிடுபவராக இருந்தால் அதன் பலனைக் காசநோய் மருந்துகளில் ஒன்றான ரிஃபாம்பிசின் குறைத்துவிடும். எல்லாவற்றையும்விட, கிரானுலோமட்டஸ் மாஸ்டைட்டிஸ் பலருக்குத் தானாகவே அடங்கும் நோய். ஆறு மாதத்தில் கட்டி கரைந்தால் மாத்திரையால் கரைந்ததா, தானாகக் கரைந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது. ஜீன் எக்ஸ்பர்ட் நெகட்டிவாக வந்தும், வீட்டில் யாருக்காவது காசநோய் இருந்தது, எக்ஸ்-ரேயில் தழும்பு என்று வேறு தடயங்கள் இருந்தால் மருத்துவர் மாத்திரையைத் தொடங்க நினைக்கலாம். அது யோசித்து எடுக்கும் முடிவு; அதை மறுக்க வேண்டியதில்லை.

ஸ்டீராய்டு: கிரானுலோமட்டஸ் மாஸ்டைட்டிஸ்தான் என்று உறுதியானால் நன்றாகக் கேட்கும் மருந்து. சிலருக்கு மாத்திரையாக, சிலருக்குக் கட்டிக்குள்ளேயே ஊசியாகக் கொடுப்போம். ஆனால் உள்ளே காசநோய் இருக்கும்போது ஸ்டீராய்டை மட்டும் கொடுத்தால் முதலில் கட்டி வடிந்தது போலிருக்கும், பிறகு நோய் வேகமெடுக்கும். அதனால்தான் காசநோய்க் கேள்வியை முதலில் முடிக்கச் சொல்கிறேன். தொடங்குமுன் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்க்க வேண்டும். தொடங்கியபின் நீங்களாக ஒருநாளும் திடீரென்று நிறுத்தக் கூடாது. ஸ்டீராய்டைக் குறைக்கும்போது கட்டி திரும்பினால் மெத்தோட்ரெக்ஸேட் கொடுப்பதுண்டு. அது வாரத்துக்கு ஒரே ஒரு நாள் சாப்பிடும் மருந்து. தினமும் சாப்பிட்டு உயிருக்கே ஆபத்தாக முடிந்தவர்கள் உண்டு. அதைச் சாப்பிடும் காலத்தில் கருத்தரிக்கவும் கூடாது.

காத்திருந்து கவனிப்பது: இதை உங்களுக்கு யாரும் சொல்லவில்லை என்பது எனக்கு வருத்தம். வலி தாங்கக்கூடியதாக இருந்து, சீழ் அடங்கி, காசநோயும் இல்லையென்றால், வலி மாத்திரையோடு மாதம் ஒருமுறை பரிசோதித்துக்கொண்டே காத்திருக்கலாம். பல மாதங்கள் ஆகும், சிலருக்கு ஒரு வருடம் தாண்டும். பொறுமை வேண்டும். ஆனால் மார்பு முழுசாக இருக்கும்.

ஆபரேஷன்: கட்டியைச் சுற்றிப் பெரிதாக வெட்டி எடுத்தாலும் திரும்ப வரலாம். காயம் ஆறாமல் ஓட்டை விழலாம். மார்பின் வடிவமும் போகும். முழு மார்பையும் எடுப்பது இந்த நோய்க்கு முதல் சிகிச்சையாக எங்கும் வைக்கப்படுவதில்லை. வேறு எதற்கும் அடங்காத, மார்பு முழுக்கப் புரையோடிப்போன மிகச் சிலருக்குத்தான் அந்தப் பேச்சே வரும். இது புற்றுநோயாக மாறும் நோய் என்பதற்கும் ஆதாரம் கிடையாது. 'எடுத்துவிட்டால் நிம்மதி' என்று எழுதியிருக்கிறீர்கள். ஐந்து மாத வலிக்கும் பயத்துக்கும் பிறகு அப்படித் தோன்றுவது எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த நிம்மதியை ஸ்லைடு மறுபார்வையே தர முடியும் என்னும்போது ஒரு மார்பை அதற்கு விலையாகக் கொடுக்காதீர்கள்.

கையெழுத்து உங்களுடையது

'திறந்து பார்த்துவிட்டு, வேண்டுமானால் எடுத்துவிடலாம்' என்ற ஒப்புதல் படிவத்தில் கணவரைக் கையெழுத்துப் போடச் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். நினைவோடும் தெளிவோடும் இருக்கும் வயதுவந்த பெண்ணின் உடலுக்கு ஒப்புதல் தர வேண்டியவர் அந்தப் பெண்தான். 2008-இல் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. பரிசோதனைக்கு என்று மயக்கம் கொடுத்த பெண்ணுக்கு, அவருடைய தாயிடம் ஒப்புதல் வாங்கிக் கருப்பையை எடுத்துவிட்ட வழக்கு அது. உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாதபோது அப்படிச் செய்தது செல்லாது என்று தீர்ப்பானது. உங்களுக்கும் அப்படிப்பட்ட அவசரம் எதுவும் இல்லை. எந்தப் படிவமானாலும் 'மார்பை அகற்றுவதற்கு என் ஒப்புதல் இல்லை' என்று நீங்களே எழுதிக் கையெழுத்துப் போடலாம்.

அத்தை சொன்னதும், அந்த உப்பச மாத்திரையும்

பாலை நிறுத்தியதால் இது வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. பால் சுரப்பியிலிருந்து கசியும் பொருளுக்கு உடலின் எதிர்ப்புச் சக்தி காட்டும் எதிர்வினையாக இருக்கலாம் என்பது ஒரு கருத்து. உறுதியான காரணம் இன்னும் தெரியவில்லை. ஒன்றரை வருடம் பால் கொடுத்த தாய்மேல் பழி போடுவதற்கு இதில் இடமே இல்லை. இது ஒட்டிக்கொள்ளும் நோயும் இல்லை. குழந்தையைத் தாராளமாகப் பக்கத்தில் படுக்க வைத்துக்கொள்ளுங்கள். அத்தைக்கு இருப்பதும் பயம்தான். அடுத்த முறை அவரையும் மருத்துவரிடம் கூட்டிப் போங்கள், ரிப்போர்ட்டை அவரே கேட்கட்டும். கணவரின் சித்திக்கு வந்த புற்றுநோய் உங்களுக்கு ரத்தவழியில் வரவும் முடியாது. உங்கள் தாய்வழி, தந்தைவழிக் குடும்பத்தில் யாருக்காவது இருந்ததா என்பதைத்தான் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் எழுதிய மாத்திரை விஷயம் என் கண்ணில் பட்டது. மருந்துச் சீட்டைப் பார்த்தேன். அதில் அமிலத்தைக் குறைக்கும் ரேபிபிரசோலோடு லெவோசல்பிரைடு சேர்ந்திருக்கிறது. லெவோசல்பிரைடும், அதேபோல இரைப்பைக்காகக் கொடுக்கும் டோம்பெரிடோனும், பால் சுரக்க வைக்கும் புரோலாக்டின் ஹார்மோனைக் கூட்டக்கூடியவை. புரோலாக்டின் கூடியிருப்பதும் கிரானுலோமட்டஸ் மாஸ்டைட்டிஸும் சிலரிடம் சேர்ந்தே காணப்படுகின்றன. உங்களுக்கு இன்னும் பால் கசிவதற்கு இந்த மாத்திரை காரணமாக இருக்கலாம். அதை எழுதிக் கொடுத்த மருத்துவரிடம் கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள், ரத்தத்தில் புரோலாக்டினும் தைராய்டும் பாருங்கள். ஒரு வருடம் தொடர்ந்து சாப்பிட வேண்டிய மாத்திரை இல்லை அது. உப்பசத்துக்குக் காரணத்தைத் தேடுவது நல்லது.

எப்போது மறுபடி சந்தேகப்பட வேண்டும்

நான் சொன்ன எல்லாமே பயாப்சி முடிவு சரி என்ற அடிப்படையில். அந்த அடிப்படையையும் கண்காணிக்க வேண்டும். மார்பகப் புற்றுநோயிலேயே ஒரு வகை, கட்டியாகத் தெரியாமல் மார்பு முழுக்கச் சிவந்து வீங்கி அழற்சிபோல வரும். ஆகவே சில வாரங்களில் மார்பு வேகமாகப் பெருத்தாலோ, தோல் ஆரஞ்சுப் பழத் தோல்போலத் தடித்தாலோ, காம்பிலிருந்து ரத்தம் வந்தாலோ, சரியான சிகிச்சை கொடுத்தும் மூன்று மாதத்தில் அசைவே இல்லை என்றாலோ பயாப்சியைத் திரும்பச் செய்ய வேண்டும். சிவந்த தோலிலிருந்தும் ஒரு சிறு துண்டு எடுக்கச் சொல்லுங்கள். நன்றாகிக்கொண்டு வந்தாலும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை அல்ட்ராசவுண்ட், கட்டி முழுதும் கரையும்வரை. ஆறிய பிறகு இதே மார்பிலோ மறு மார்பிலோ திரும்ப வரக்கூடும். வந்தால் முதல்நாளே காட்டுங்கள்.

இந்த வாரம் செய்ய வேண்டியவை சீழை உறிஞ்சி மூன்று பரிசோதனைக்கும் அனுப்புவது, ஸ்கேனையும் பயாப்சியையும் ஒப்பிட்டுச் சொல்லும்படி கேட்பது, ஸ்லைடும் பிளாக்கும் கேட்டுக் கடிதம் கொடுப்பது. ஆபரேஷனுக்குக் குறித்த தேதியைத் தள்ளி வைக்கச் சொல்லுங்கள். எழுதிக் கொடுத்த காசநோய் மாத்திரையை இன்னும் பிரிக்கவில்லை என்று சொல்லியிருக்கிறீர்கள். அப்படியே இருக்கட்டும், ஜீன் எக்ஸ்பர்ட் முடிவு வரட்டும்.